சீரக மாவடு மரம்

பர்மப்பாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். கானுகோடு ஊர் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இலை ஓரத்தில் பர்மப்பாவின் மனைவி லோலாக்ஷி வைத்துவிட்டுப் போன மாவடுவை ஹூவம்மா கடித்தாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மலைநாட்டுக் காட்டில் மாவடுவுக்குப் பஞ்சமில்லை. மரத்துக்கு மரம் வாசனை மாறும், ஓடைக்கு ஓடை புளிப்பு மாறும். சீரக வாசனை அடிக்கிற மரங்களே நாலைந்து உண்டு. ஆனால் இந்த வடுவில் முதலில் சீரகம், அதன் பின்னாலேயே கற்பூரம் போல ஒரு குளிர்ச்சி, விழுங்கியபின் தொண்டையில் பச்சை இஞ்சியின் காரம். இதே வரிசையில் இதே மூன்றும் வருகிற காயை அவள் ஒரே ஒரு கோடையில்தான் உப்பில் போட்டிருக்கிறாள். அண்ணன் சௌடப்பா துண்டில் முடிந்து கொண்டுவந்த காய். "எந்த மரம்னு கேக்காதே, அடுத்த வருஷம் கூடை நிறையக் கொண்டு வரேன்" என்றான். அடுத்த வருஷம் அந்த மரத்துக்குப் போனவன் ஒரு காலோடு திரும்பி வந்தான்.

மறுபடி ஊறுகாய் எடுத்துக்கொண்டு வந்த லோலாக்ஷியை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது எந்த மரத்துக் காய் அக்கா?"

"யாருக்குத் தெரியும். வருஷா வருஷம் எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து கொட்டுவார். என்னைக்கூட அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனதில்ல. ரகசியக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கார் அந்த மரத்தோட." லோலாக்ஷி சிரித்தாள். "பிடிச்சிருக்கா? ஒரு ஜாடி தரேன், கொண்டு போ."

"வேண்டாம்" என்று ஹூவம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

சௌடப்பா விழுந்தது ஒரு காலை வேளையில். இரவாகியும் வராதவனை ஊர் பந்தம் கொளுத்திக்கொண்டு தேடியது. பர்மப்பாவின் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். இருவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் காட்டுக்குப் போகிறவர்கள். "இன்னைக்கு நான் காட்டுப் பக்கமே போகலையே. எனக்கு உடம்பு சரியில்ல" என்று பர்மப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று சொன்னான். ஊர் வேறு திசையில் தேடப் போயிற்று. மறுநாள் மாடு மேய்க்கிறவர்கள்தான் ஓடை ஓரமாக ஊர்ந்து வந்து கிடந்தவனைக் கண்டு தூக்கி வந்தார்கள். அதற்குள் கால் கறுத்துப்போயிருந்தது. ஒரு ராத்திரி முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாரோடு போனாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சௌடப்பா ஒரே பதில்தான் சொன்னான். தனியாத்தான் போனேன்.

அந்த வருஷம் ஹூவம்மாவுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. நொண்டி அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள் என்று மாப்பிள்ளை வீட்டார் பயந்தார்கள். அவர்கள் பயந்தது சரிதான், அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பந்தலிலிருந்து நேராக மாவு மில்லுக்குப் போனாள். சௌடப்பா அங்கேதான் வேலை பார்த்தான். புருவம் வரை மாவு படிந்து, ஸ்டூலில் உட்கார்ந்து ராகி அரைத்துக்கொண்டிருந்தான். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"உன்கூட பர்மப்பா வந்தானா இல்லையா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். யார் சொன்னது, எதற்கு இப்போது என்றெல்லாம் கேட்கவில்லை.

"வந்தான்."

"கீழ நின்னானா?"

"கூடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கிளை முறிஞ்சு விழுந்தேன். பாறைக்கு நடுவுல கால் மாட்டிக்கிச்சு. ரொம்ப நேரம் கூப்பிட்டேன் ஹூவி. அவன் கூடையை எடுத்துக்கிட்டுப் போனதைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கால் முளைக்குமா?" அவன் மெஷினைத் திருப்பி ஓடவிட்டான். இரைச்சலில் அவள் வேறு எது கேட்டிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். போகவில்லை. வெட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அண்ணன் கிடந்திருக்கிறான். அவளுக்கு அந்த அளவுக்குச் சமமாக ஒன்று வேண்டியிருந்தது.

காட்டில் அவளுக்கு வழி சொல்ல ஆள் தேவையில்லை. அண்ணனுக்குக் கால் போனபின் வீட்டுக்குக் காட்டிலிருந்து வர வேண்டியதையெல்லாம் அவள்தான் கொண்டுவந்தாள். மழைக்காலத்தில் மரச்சேம்பு இலை, மூங்கில் குருத்து, புற்றுக் காளான். கோடையில் முருகல், களாக்காய், காட்டு நெல்லி. ஊர்ப் பெண்களோடு கிளம்புவாள், ஓடைக்கரை வந்ததும் பிரிந்து ஒற்றையாக உள்ளே போய்விடுவாள். "ஹூவிக்கு உள்ள ஒரு மாப்பிள்ளை இருக்கான்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஆரம்பத்தில் அண்ணன் விழுந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அலைந்தாள். அலைந்து அலைந்து காடே அவளுக்குப் பிடித்துப்போனது. ஈர இலைக் குப்பையைக் கிளறி வெள்ளைக் குடை ஒன்று தலைகாட்டுவதைப் பார்க்கிற நேரத்தில் அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இருக்காது. பெரிய வேரில் சாய்ந்து, அவித்த கிழங்கைத் தின்றுகொண்டு, இருவாச்சி பறக்கிற சத்தத்தைக் கேட்டபடி அரை நாள் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவளுக்கு அப்படி ஒரு நாழிகையும் வாய்த்ததில்லை.

இப்போது வேலையோடு போனாள். பர்மப்பாவைப் பின்தொடர்வது வீண். அவன் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாதையில் நுழைகிறவன், பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்க்கிறவன். ஆனால் அவன் இடதுகைக்காரன். வழியை மறிக்கிற பிரம்புக் கொடியை அவன் வெட்டினால் வெட்டு மற்றவர்கள் வெட்டுவதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பழைய வெட்டு, காய்ந்து கறுத்த வெட்டு, போன கோடையின் வெட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, கார்த்திகை முழுக்க, பனியில் முழங்கால் நனைய அவள் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு மலைக்கு அப்பால், ஓடை ஒரு மடுவாகத் தேங்கி நிற்கிற இடத்தில் வெட்டுகள் நின்றுபோயின. அங்கே மரம் நின்றது.

இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத அடிமரம். முதல் கவடு வரை ஒரு கிளை கிடையாது. கீழே கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தாள். சீரகம், கற்பூரம். மரத்தின் கீழே பாறைகள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கால் மட்டுமே நுழைகிற இடுக்கு. பாசி மூடிக் கிடந்தது. அவள் பாறையில் உட்கார்ந்து கையை அந்த இடுக்குக்குள் விட்டுப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீர் கசிந்தது. முதல் முறையாக அங்கேதான் வாய்விட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, வழியில் ஒரு மடி வல்லாரை பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சிவராத்திரி கழிந்து, காய் கட்டைவிரல் பருமன் ஆகிற பதம் பார்த்து அவள் விடிகிற நேரத்துக்கே அங்கே போய்க் காத்திருக்கத் தொடங்கினாள். நாலைந்து நாள் வீணாயிற்று. ஒரு நாள் பர்மப்பா வந்தான். சட்டையைக் கழற்றிப் புதரில் மாட்டினான். கணுக்கணுவாகக் கிளையை விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் ஏணியைப் புதரிலிருந்து இழுத்துக் கவட்டில் சாத்தி, இடுப்பில் கயிறும் கூடையுமாக ஏறினான். வயதாகியும் லாகவமாக ஏறினான். கிளை நுனிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு காய் பறிக்க ஆரம்பித்ததும் ஹூவம்மா மறைவிலிருந்து வந்து மூங்கிலை மெல்ல நகர்த்தித் தரையில் கிடத்தினாள். ஓடை மடுவில் விழுகிற இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூடை கயிற்றில் இறங்கி வந்தது. அது தரையைத் தொட்டதும் அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முழுக் கயிறும் அவள் காலடியில் வந்து விழுந்தது.

"யாரு?" என்று மேலிருந்து சத்தம். இலைகளை விலக்கி எட்டிப் பார்த்தான். "ஹூவம்மாவா? என்ன விளையாட்டு இது. கயிறை மேல வீசிவிடு தாயி. காய் வேணும்னா எடுத்துக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"காய் இருக்கட்டும் பர்மப்பா. கீழ பாரு."

அவன் எப்போதும் அவளுக்குப் பர்மண்ணா. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதிலேயே அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஏணியைத் தேடினான். அது இல்லாததைப் பார்த்தான்.

"அந்தப் பாறையைப் பாரு. தெரியுதா?"

அவன் கிளையைக் கட்டிக்கொண்டு நின்றான். மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. ஆள் ஏறினால் சும்மா இருக்குமா. அவன் ஒரு கையால் கழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"சௌடன் சொல்லிட்டானா?"

"உன் பொண்டாட்டி வெச்ச ஊறுகாய் சொல்லிச்சு. ஏன் விட்டுட்டுப் போன?"

"பயந்துட்டேன் ஹூவம்மா. சத்தியமா. நம்ம ரெண்டு வீட்டுக்கும் வரப்புத் தகராறு நடந்துக்கிட்டிருந்த சமயம். நான்தான் தள்ளிவிட்டேன்னு ஊர் சொல்லும்னு..."

"அப்ப கூடையை எதுக்கு எடுத்துட்டுப் போன?"

அவன் கழுத்திலிருந்து ஒரு முசுறைப் பிய்த்து எறிந்தான்.

"அவன் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

"எப்படிக் கூப்பிட்டான்?"

"பேரைச் சொல்லி." அவன் கிளையில் உட்கார்ந்துவிட்டான். "ஓடை தாண்டற வரைக்கும் கேட்டுது. ராத்திரி வந்து தட்டினாங்களே, அப்பச் சொல்லியிருக்கணும். சொன்னா இடத்தைக் காட்டணும். இடத்தைக் காட்டினா மரம் ஊருக்குத் தெரிஞ்சிரும்னு ஒரு புத்தி வந்துது. பாவிப் புத்தி. ஏணியைச் சாத்து தாயி, இறங்கி வந்து உன் கால்ல விழறேன்."

ஒரு மரத்துக்காக. அவள் வேறு ஏதாவது இருக்கும் என்று இத்தனை மாசம் நினைத்திருந்தாள். பழைய பகை, பொறாமை, பெரிதாக ஏதாவது. கேட்டதும் அவளுக்குள் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

"நான் வீட்டுக்குப் போறேன். சோறு பொங்கணும். யாராவது வந்து கேட்டா, நான் காட்டுப் பக்கமே போகலன்னு சொல்லுவேன். குதிக்கலாம்னு நினைக்காதே. கீழ என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்."

"ஹூவம்மா. ஏ ஹூவம்மா."

பெயரைச் சொல்லித்தான் அவனும் கூப்பிட்டான். ஓடை தாண்டுகிற வரை கேட்டது. அவள் வேகமாக நடக்கவில்லை. ஒவ்வொரு கூப்பாட்டையும் காதில் வாங்கிக்கொண்டு, வழியில் முருகல் பழம் பொறுக்கித் தின்றுகொண்டு நடந்தாள். அது அவ்வளவு இனிப்பாக என்றைக்கும் இருந்ததில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது லோலாக்ஷி வந்தாள். "எங்க வீட்டுக்காரரைப் பாத்தியா ஹூவி? விடியறதுக்கு முந்திப் போனவர். பத்து மணிக்கெல்லாம் வந்திருவார். இன்னைக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகணும்னு வேற சொல்லியிருந்தார்."

"நான் பாக்கலையே அக்கா. இன்னைக்குக் காட்டுப் பக்கமே போகல" என்றாள் ஹூவம்மா. அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். நாக்கில் தடங்கல் இல்லாமல் வந்தது. லோலாக்ஷி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தது. முதல் இடி உருண்டபோது சௌடப்பா மில்லிலிருந்து கட்டையை ஊன்றி வந்து சேர்ந்தான். ஊரில் எல்லோரும் பர்மப்பாவைத் தேடுகிறார்கள் என்றான். சொல்லிக்கொண்டே அவள் முழங்கையைப் பார்த்தான். முசுறு கடித்த தடிப்பு வரிசையாக இருந்தது.

"எங்க இருக்கான்?"

அவள் சொன்னாள். ஏணியை எடுத்ததையும் கயிற்றை இழுத்ததையும் அவன் என்ன பதில் சொன்னான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். சொன்னா கால் முளைக்குமா என்று கேட்டவன். பகல் முழுக்கக் கிடந்தது போதும், இருட்டுவதற்குள் ஆளை அனுப்பி இறக்கலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

சௌடப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கட்டையைப் பக்கத்தில் வைத்தான்.

"காலைல வரைக்கும் இருக்கட்டும்."

"அண்ணா?"

"நான் காலைல வரைக்கும் இருந்தேன். மழையும் பெஞ்சுது."

"இடி இறங்குது. கை சோர்ந்து விழுந்து செத்துட்டா?"

"நான் சாகலையே." அவன் முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு நிம்மதி இருந்தது. இத்தனை வருஷமும் ஸ்டூலில் உட்கார்ந்து ராகி அரைத்தவன் மன்னித்துவிட்டதாக அவளாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் மன்னிக்கவில்லை. அவனால் அந்த மரத்துக்கு நடந்து போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் வாசலில் நின்று மின்னலைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் பர்மப்பா மரத்திலேயே செத்தால் ஊர் அவனுக்காக அழும். நல்ல மனுஷன், மாவடு பறிக்கப்போன இடத்தில் இப்படி ஆயிற்று என்று சொல்லும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அவன் தப்பித்துக்கொள்வான்.

"செத்தவன் வாய் திறக்கமாட்டான் அண்ணா. எனக்கு அவன் வாய் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் தடுக்கவில்லை. கூட வரவும் இல்லை.

லோலாக்ஷி வீட்டுக்கு முன்னால் ஆண்கள் டார்ச்சோடு எந்தப் பக்கம் போவது என்று பேசிக்கொண்டு நின்றார்கள். "மடுவுக்கு மேல, மாமரத்துல இருக்கான். வாங்க, நான் காட்டறேன்" என்று ஹூவம்மா முன்னால் நடந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டாள்.

மழை நடுவழியில் பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது அவன் கவட்டில் வேட்டியால் தன்னைக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தான். ஏணி சாத்தி இருவர் ஏறித் தூக்கி இறக்கினார்கள். முசுறு கடித்துக் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. குளிரில் பல் அடித்துக்கொண்டது. ஆண்களோடு கூடவே வந்திருந்த லோலாக்ஷி அவன் தலையை மடியில் வைத்துத் துவட்டினாள்.

"ஏணி சரிஞ்சிருச்சு" என்றான் அவன்.

"சரியல. நான்தான் எடுத்தேன்" என்றாள் ஹூவம்மா. மழையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஏன் எடுத்தேன்னு இவனே சொல்லட்டும். சொல்லலன்னா நான் சொல்றேன். எது வேணும் பர்மப்பா?"

டார்ச் வெளிச்சமெல்லாம் அவன் முகத்தில் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாதவன், யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே, சொன்னான். கூடையைச் சொன்னான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றதைச் சொன்னான். அன்றைக்குப் பந்தம் பிடித்துத் தேடியவர்களில் மூன்று பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பாதியிலேயே லோலாக்ஷியின் கை நின்றுபோனது. அவன் முடித்தபின் யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இரண்டு பேர் தோள் கொடுத்து நடத்திக் கூட்டிவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் அவளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆள் உயிர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள். "போகலையே" என்றாள். மறுபடி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. விட்டுவிட்டார்கள். பர்மப்பாவை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் தேனுக்கோ மீனுக்கோ மூங்கிலுக்கோ கிளம்புகிறவர்கள் அவன் வீட்டைத் தாண்டும்போது முன்போல நின்று குரல் கொடுப்பதில்லை. கானுகோட்டில் அவனோடு காட்டுக்குப் போக ஆள் இல்லாமல் போயிற்று. வேலி ஓரம் நின்று, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹூவம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆனி மழை பிடித்து, ஓடைக்கரையில் பெரணிக் குருத்து சுருள் விட்டபோது பெண்கள் கூடையோடு கிளம்பினார்கள். லோலாக்ஷியும் வந்தாள். கூட்டத்தில் யாரோடும் அதிகம் பேசவில்லை. பறித்துக்கொண்டே வந்தவள் ஹூவம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அவருக்கு நீ பண்ணினது சரி" என்றாள் தலை நிமிராமல். "அதுக்கு நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

ஹூவம்மா கிள்ளிய குருத்தைக் கூடையில் போட்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் நான் உன் வாசல்ல வந்து நின்னேன். என் முகத்தைப் பாத்து, பாக்கலைன்னு சொன்ன. சாயங்காலம் வரைக்கும் வீடு வீடா அலைஞ்சேன் ஹூவி. பூக்கூட வெச்சுக்கல, தாலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சேன். நான் உன் அண்ணனுக்கு என்ன பண்ணேன்?"

ஹூவம்மாவுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. பெரியவர்களுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது. இதற்கு மட்டும் வாயில் எதுவும் வரவில்லை. "அக்கா" என்று தொடங்கினாள்.

"வேண்டாம். சொல்லாதே. இப்ப எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்திடாதே. கொஞ்ச நாளைக்கு இது என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கரையின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு குருத்து கிள்ள ஆரம்பித்தாள். மழை மறுபடி தூறியது. மற்ற பெண்கள் சாக்குக் கொங்காடியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஹூவம்மா நனைந்துகொண்டே, அந்த முதுகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் குனிந்தாள்.